என் கணவர் அளந்த நட்சத்திரம்

என் வானியல் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வைப்பது என்று என் கணவர் முடிவு செய்தார். அவர் கடைத் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளர். அவர் தலை தெரிந்தாலே கடைக்காரர்களுக்கு வியர்க்கும். வீட்டுக்கு வரும்போது செருப்பை வாசலில் விடுவார். அந்த அதிகாரத்தை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிடுவார்.

"உன் கருந்துளை ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு. பெருசைச் சுத்தி ஒரு வாயுத் தட்டு. சின்னது அந்தத் தட்டைக் கிழிச்சுக்கிட்டுப் பாயும்போது வெளிச்சம் குபீர்னு ஏறும். அடுத்த வாரம் ஏறும்னு கணக்குப் போட்டிருக்கேன்."

"அடுத்த வாரம் எங்க அக்கா வர்றாங்களே. உன் வெளிச்சம் நாலு நாள் தள்ளி வரட்டுமே!"

"அந்த வெளிச்சம் கிளம்பி முந்நூத்தம்பது கோடி வருஷமாச்சுங்க. இப்பப் போய் யாரு மறிக்கிறது?"

அவர் சிரிக்கவில்லை. நண்பரின் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு வேலை பேசி முடித்துவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டால் வாதாடுவேனாம். ஏன் வாதாடக் கூடாது? இந்த வெளிச்ச வெடிப்பைத் தவறவிட்டால் அடுத்தது பன்னிரண்டு வருஷம் கழித்து!

கடைசியில் அவரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஏழு நாள் பார்ப்போம். ஏறலைன்னா வேலையில சேரணும். ஆனா நானும் அளப்பேன்."

தொலைதூர மலையில் இருக்கும் தொலைநோக்கி எடுக்கும் படம் காலைக் காப்பி நேரத்தில் என் கணினிக்கு வரும். அதில் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டால் வெளிச்சத்தின் அளவு எண்ணாக விழும். என் கருந்துளைகள் இருக்கும் புள்ளியைக் காட்டினேன்.

"நீ காட்டுறதை நான் எதுக்கு அளக்கணும்? எந்தத் தராசைச் சோதிக்கணும்னு கடைக்காரனா சொல்றான்? நாங்கதான் பொறுக்குவோம். ஒண்ணைப் பார்த்தா கடை லட்சணமே தெரிஞ்சிடும்."

போன மாதத்துப் படங்களையெல்லாம் திருட்டுத்தனமாகப் புரட்டி, வெளிச்சம் கொஞ்சமும் அசையாத புள்ளி ஒன்றைப் பொறுக்கினார். என் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி. இது எங்கே ஏறப்போகிறது என்று அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

நான் வாதாடவில்லை. கல்யாணமாகி முதல் தடவை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

தினமும் அளந்தார். 'மாற்றம் இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். நாலு நாள் என் புள்ளியும் தூங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் ஏறியது. ஏழாம் நாள் ஒன்றரை மடங்கு! நாற்காலி கவிழத் துள்ளினேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கேமராக் கோளாறு. இல்லைன்னா அங்க மேகம் விலகியிருக்கும்."

"அப்படின்னா எல்லாப் புள்ளியும் ஏறியிருக்கணுமே?"

"ஆமா, ஏறித்தான் இருக்கும்!"

"உங்க புள்ளி?"

அவர் தினமும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏழு தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன்.

"ஒரே கேமரா, ஒரே வானம். உங்க புள்ளி அசையலைன்னு ஏழு தடவை எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்போ கேமராவும் சரி, வானமும் சரி. ஏறினது என் புள்ளிதான்."

"இது... என் கையெழுத்துதானா?"

"உங்களோடதேதான். பக்கத்துல ஒரு மாறாத நட்சத்திரத்தை வெச்சுத்தான் நாங்க எப்பவும் ஒப்பிடுவோம், உங்க எடைக்கல் மாதிரி. நான் வெச்சிருந்த அதே நட்சத்திரத்தைத் தேடிப் பிடிச்சீங்க பாருங்க, கெட்டிக்காரர்தான்!"

கல்லூரி நண்பருக்கு அவரே போன் போட்டு, அவள் வரமாட்டாள் என்று சொன்னார். சொல்லட்டும். முந்நூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள் குறித்தேன். அது நாள் தவறாமல் வந்து நின்றது. அன்று என்னைவிட நிமிர்ந்து நடந்தவர் தெருவில் யாரும் இல்லை.

ஒருவரைத் தவிர. சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவிடம் அளந்துகொண்டிருந்தார்: "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடிச்சோம்."

"அப்படியா! உங்க வீட்டம்மா வெடிப்பைக் கண்டுபிடிச்சாங்க. நீங்க என்ன தம்பி கண்டுபிடிச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

"ஒண்ணுமே நடக்கலைங்கறதை."