விலை இறங்கட்டும், ஏறுவோம்

இந்த முறை ரயில் டிக்கெட்டை நானே வாங்குவது என்று தீர்மானித்தேன். சும்மா வாங்குவதல்ல. கேட்ட மாத்திரத்தில் என் சகலைக்கு சாப்பாடு செரிக்காமல் போகிற விலைக்கு வாங்குவது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நாங்கள் வழக்கமாகக் கொடுப்பதில் பாதி விலைக்கு டிக்கெட் வாங்கி வந்திருந்தார். வந்தவுடன் அதைச் சொன்னார். சாப்பிடும்போது சொன்னார். கிளம்பும்போது, எங்கே மறந்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை சொன்னார். இந்த வருஷம் நாங்கள் அவர் வீட்டுக்குப் போகிற முறை.

இப்போதெல்லாம் டிக்கெட்டுக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்பே விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு விலை. இடம் நிரம்ப நிரம்ப வேறொரு விலை. ஆள் சேரவில்லை என்றால் நடுவில் குறைப்பதும் உண்டு. அன்றன்றைய விலை ஸ்டேஷன் வாசலில் மின்பலகையில் ஓடும். நான் வேலைக்குப் போகிற வழிதான்.

நான் பல் கட்டுகிறவன். அதாவது, பல் வைத்தியர்கள் அனுப்புகிற அச்சுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை. அங்கே அச்சு ஊற்றுகிறவருக்கு 'வானிலை' என்று பெயர். மழையிலிருந்து முதலாளியின் கோபம் வரைக்கும் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்வார்.

"முதல் நாள் வாங்குறவன் அவசரக்காரன். கடைசி நாள் வாங்குறவன் ஏமாளி," என்றார் வானிலை. "முப்பதாம் நாள் வாக்குல ஒரு இறக்கம் வரும் பாரு. அதுல கையை வை."

நான் நம்பினேன். மழை விஷயத்தில் அவர் சொன்னது ஒரு தடவை பலித்திருக்கிறது.

விற்பனை தொடங்கிய அன்று காலையிலேயே மனைவி பணத்தை நீட்டினாள்.

"தலைக்கு நானூத்தி எண்பதாம். இந்தாங்க, தொள்ளாயிரத்து அறுபது. வர்றப்போ வாங்கிட்டு வந்துடுங்க."

"வாங்க மாட்டேன்."

"ஏன், நீங்க வரலையா?"

"வருவேன். முதல்ல விலை இறங்கட்டும். அது இறங்கினாத்தான் நாம ஏறணும்."

"அது ஏறிடுச்சுன்னா?"

"ஏறினது எதுவா இருந்தாலும் இறங்கித்தான் ஆகணும்."

"உங்க ரத்த அழுத்தத்துக்கும் இதையேதான் சொன்னீங்க," என்றாள். பணத்தை என் சட்டைப்பையில் வைத்தாள்.

அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கிற பிரிவில் இருக்கிறாள். குழாயில் காற்றுதான் வருகிறது என்று நாள் முழுக்கக் கத்துகிறவர்களிடம் "பார்க்கிறோங்க" என்று சொல்வது அவள் வேலை. அதனால் அவளைக் கத்தியும் ஜெயிக்க முடியாது, நைச்சியமாகப் பேசியும் ஜெயிக்க முடியாது. இரண்டையும் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

ஒரு வாரத்தில் ஐந்நூற்று நாற்பது ஆயிற்று. பிறகு அறுநூற்றுப் பத்து. ஒரு புதன்கிழமை ஐந்நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது. அன்று நான் வீட்டுக்குள் நுழைந்த நடையைப் பார்த்து, சம்பளம் கூடியிருக்கிறதா என்று கேட்டாள்.

"இறங்க ஆரம்பிச்சிடுச்சு," என்றேன்.

"அப்ப வாங்கிட்டீங்களா?"

"இறங்குற மாட்டை யாராவது பாதியில பிடிப்பாங்களா? தண்ணி குடிக்கட்டும்."

மறுநாள் அந்த மாடு எழுநூற்று ஐம்பதுக்கு ஏறி நின்றது. முப்பதாம் நாள் தொள்ளாயிரம். வானிலையிடம் ஓடினேன். "மேகமூட்டம்," என்றார். நாள் இருபத்திரண்டு மீதி இருக்கும்போது ஆயிரத்து நூற்றைம்பது. 'சில இடங்களே உள்ளன' என்று பலகையில் சிவப்பு எழுத்து வேறு ஓடியது. வரிசையில் போய் நின்றேன்.

மனைவி கொடுத்தது போக மிச்சப் பணத்துக்கு எங்கே போனேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். வீட்டில் அலமாரிமேல் யாரோ ஒரு பெரியவருடைய பழைய பல் அச்சு ஒன்று வைத்திருந்தேன். மேல்தாடையும் கீழ்தாடையும் சேர்ந்து ஒரு டப்பா அளவு. என் மனைவி அதைத் தூசி தட்டக்கூடத் தொடமாட்டாள். சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம். அந்த வாய்க்குள்தான் மூன்று வருஷமாக நான் மிச்சம் பிடித்தது இருந்தது. நல்ல தூண்டில் ஒன்று வாங்க ஆசை, சக்கரம் வைத்தது.

இதற்கிடையில் அவள் ஒரு புது மெத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மெத்தையில் நடுவே ஒரு பள்ளம். ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தாலும் விடியும்போது பள்ளத்தில்தான் சந்திப்போம். "கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்று நான் ஒவ்வொரு மாதமும் சொல்லி வந்தேன். கை இறுக்கம்தான். வாய் மட்டும் நிறைந்திருந்தது.

அன்று மாலை டிக்கெட்டுகளை அவள் கையில் கொடுத்தேன்.

"எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சகலையின் முகம் கண் முன்னால் வந்தது.

"அதே நானூத்தி எண்பது," என்றேன். "காலையில ஒரு பத்து நிமிஷம் இறங்குச்சு. அப்படியே அமுக்கிட்டேன்."

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பரவாயில்லையே. உங்களை என்னமோன்னு நினைச்சேன்," என்றாள். அன்றைக்கு எனக்கு முதலில் சாப்பாடு போட்டாள். பிறகு அக்காவுக்குப் போன் செய்து சொன்னாள். சகலை அசந்துபோய்விட்டாராம். நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் கீழ் வீட்டுக் கடிகாரக்காரர் மேலே வந்தார். கடிகாரம் பழுதுபார்க்கிறவர். என் மனைவி அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள். அந்த உரிமையில் அவர் எனக்கு மச்சானாகிவிட்டார்.

"மாப்ளே, நீங்க நானூத்தி எண்பதுக்கு வாங்கினீங்களாம். தங்கச்சி சொல்லிச்சு. அதே வண்டியில எனக்கு ரெண்டு வேணும். இந்தாங்க பணம்."

"அது இப்ப கிடைக்குமான்னு..."

"இவருக்குக் கிடைக்கும் அண்ணே," என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். "பலகையைப் பார்த்தாலே விலை இவருக்குப் பயந்து இறங்குது."

இனி எப்படி இல்லை என்பது? மறுநாள் பெரியவருடைய வாயில் கைவிட்டேன். விலை ஆயிரத்து இருநூற்று இருபது. டிக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கடிகாரக்காரர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவர் அதை அடக்கம் என்று நினைத்தார்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார்.

"மாப்ளே, சின்ன உபகாரம். தம்பி குடும்பமும் வர்றாங்களாம். நாலு."

"நாலா?"

"அஞ்சாத்தான் இருந்துச்சு. தங்கச்சிதான் சொல்லிச்சு, அவரை ரொம்பத் தொந்தரவு பண்ணாதீங்க, நாலோட நிறுத்திக்கங்கன்னு."

ஆயிரத்து முந்நூற்றுப் பத்து வீதம் நாலு வாங்கினேன். அன்றைக்குத் தாடைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். பெரியவர் பல்லைக் காட்டினார், அவ்வளவுதான். தூண்டில் போயிற்று. தக்கை வாங்கக்கூட மீதி இல்லை. சரி போகட்டும், மானம் மிஞ்சியதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கிளம்புகிற நாளும் வந்தது. ஜன்னலோர இடம். வண்டி நகர்ந்ததும் காற்று முகத்தில் அடித்தது. ஆறு நாள் லீவு, மடியில் கட்டுச்சோறு, பக்கத்தில் புதுப் புடவையில் மனைவி. சகலை ஸ்டேஷனுக்கே வந்து காத்திருப்பார். மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும் என்று தோன்றியது. கடிகாரக்காரரிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று அடுத்த வரிசையை எட்டிப் பார்த்தேன். அந்த ஆறு இடத்திலும் முன்பின் தெரியாத யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தா, உங்க அண்ணனைக் காணோமே. வண்டியை விட்டுட்டாரா?"

"அவர் எதுக்கு வர்றார்? அவருக்கு அந்த ஊர்ல யாரு இருக்கா?"

"அப்ப டிக்கெட்?"

"நான் போன வாரமே கவுன்டர்ல திருப்பிக் கொடுத்துட்டேன். கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு மீதியைக் கையில கொடுத்துட்டாங்க. பாவம், அண்ணன் உங்ககிட்ட வந்து கேக்கவே மாட்டேன்னார். நான்தான் பணத்தைக் கொடுத்து அனுப்பினேன்."

எனக்குக் கணக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அவள் நானூற்று எண்பது போட்டாள். மேல்கொண்டு நான் போட்டேன். திரும்பி வந்தது முழுக்க அவளிடம்.

"எதுக்கு இப்படி?"

"உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல? கேட்டா சொல்லுவீங்களா? முதல்ல ரெண்டு விட்டுப் பார்த்தேன், தரை தட்டலை. நாலு விட்டேன், தட்டின சத்தம் உங்க முகத்துலயே கேட்டுச்சு." தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "மெத்தைக்குச் சொல்லிட்டேன். நாம திரும்பறப்போ வந்திருக்கும். உங்களுக்கும் முதுகு வலி இருக்குல்ல."

இருக்கிறது. தண்ணீர் குடித்தேன். வெளியே வயல்களும் கம்பங்களும் பின்னால் ஓடின. கோபப்படலாமா என்று ஒரு ஸ்டேஷன் தூரம் யோசித்தேன். பொட்டலத்தைப் பிரித்து எனக்குத்தான் முதலில் நீட்டினாள். கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்தியது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வானிலைக்குக்கூடத் தெரியாது.

"நான் அதிக விலைக்கு வாங்கினது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"டிக்கெட்டுலயே விலை போட்டிருக்குங்க," என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். போட்டிருந்தது.