நாத்து நடுங்க

இனி காய்கறிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வாட்ச்காரர் தீர்மானம் போட்டார். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் ஆயிற்றே, கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "லென்ஸ் கொண்டாரலையா சார்?" என்று கடைக்காரர் கேட்டதில் ரோஷம் வந்துவிட்டது.

"பீட்ரூட் வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்," என்றாள் மனைவி.

"வாங்கறதாவது. தோட்டத்துல நாமளே விளைவிப்போம்."

"நாமன்னா யாரு? நானா, நீங்களா?"

"முடி கனத்துக்கு ஸ்பிரிங் மாட்டற கையாக்கும் இது. நாத்து நட வராதா?"

அவள் வாதாடவில்லை. தொட்டியில் ஏதோ விதை தூவினாள். முளை விட்ட சமயம் அவள் அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன். திரும்ப இரண்டு மாசமாகும். வாசலில் நின்று, "பெரிசானதும் வேர் அறாம எடுத்து நடுங்க," என்றாள். அவள் எதைச் சொன்னாலும் நடுங்கியே பழகியவர், இதற்கும் தலையாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாட்ச் இடுக்கியால் அத்தனை நாற்றையும் பிடுங்கி பேப்பரில் பரப்பினார். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தார். எழுந்தபோது வெயில் போயிருந்தது, நாற்றும் கருகிப் போயிருந்தது. மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு டீச்சரம்மா தலை தெரிந்தது. சிரித்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலமே போன் வந்தது. "பீட்ரூட் நட்டாச்சா?"

"ஆச்சு."

மறுவாரம், "வேர் பிடிச்சுதா?"

"பிடிச்சுது."

"இலை?"

"செக்கச்செவேல்னு."

"நீங்க செய்வீங்கன்னு தெரியுங்க. இங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. கல்யாணம் ஆன நாளாக அவள் வாயால் ஒரு பாராட்டு கேட்டதில்லை. கேட்ட முதல் பாராட்டும் பொய்க்குக் கிடைத்தது. உண்மையைச் சொல்லலாம் என்று போனை எடுப்பார், "இலை பெரிசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

அவள் வருவதற்கு முதல் நாள் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு கடைக்குப் போனார். இலையோடு இருந்த பீட்ரூட்டாகப் பொறுக்கி வந்து, பாத்தியில் வரிசையாகப் புதைத்துத் தண்ணீரும் விட்டார்.

மறுநாள் மனைவி டீச்சரம்மாவையும் கூட்டிக்கொண்டு பாத்திக்கு வந்தாள். ஒன்றை இழுத்தாள். உருண்டையாக, செக்கச்செவேலென்று வந்தது.

"நல்லா விளைஞ்சிருக்கு," என்றாள்.

"நீங்க விதைச்சது முள்ளங்கின்னு சொன்னீங்களேக்கா?" என்றார் டீச்சரம்மா.

"முள்ளங்கிதான்."

வாட்ச்காரர் தரையைப் பார்த்தார். காது மடல் பீட்ரூட்டை விடச் சிவந்துவிட்டது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க தூங்கி எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே டீச்சர் போன் பண்ணிட்டாங்க."

"அப்புறம் எதுக்குத் தினம் பீட்ரூட், பீட்ரூட்னு கேட்ட?"

"வேற எப்படிங்க உங்களைக் கடைக்கு அனுப்பறது?" மீதியையும் பிடுங்கி அவர் கையில் அடுக்கினாள். "தக்காளி தீர்ந்துபோச்சு. நாளைக்கு ஒரு கிலோ புதைச்சு வைங்க."