பின் சீற்றில் டீசலண்ணை

திருகோணமலைத் துறைமுகத்தில் டீசலண்ணைக்குப் பயப்படாத இஞ்சின் கிடையாது. விரலில் டீசலைத் தொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். "தண்ணி கலந்திருக்கு" என்பார். கலந்திருக்கும். சொந்தப் பேர் ஒருவருக்கும் தெரியாது. வீட்டிலும் ஆள் தனி.

படகு இஞ்சின் மட்டும்தான் பார்ப்பார். அவரிடம் காரைக் கொண்டுபோன ஒரே மடையன் நான்.

என்னிடம் பழைய மொரிஸ் மைனர் ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை என்ர மனிசியை ஏற்றிக்கொண்டு கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போனனான். ஏற்றத்தின் பாதியில் கார் நின்றது. பிறகு பின்னுக்கு வந்தது. ஓட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்து சில்லுக்குக் கல் வைத்தார். கோட்டை மான்கள் நின்று பார்த்தன. மனிசி இறங்கி நடந்தா.

"இனி இதில ஏறமாட்டன்" என்றா. ஏறவில்லை. அடுத்த வெள்ளியில் இருந்து அவ ஓட்டோவில் முன்னால் போவா. நான் வெறுங்காரில் பின்னால் போய் அடிவாரத்தில் நிற்பேன். சந்தியில் சிரிப்பார்கள். மனிசியை அந்தக் காரில் திரும்ப ஏற்ற வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

டீசலண்ணை காரைச் சுற்றி வந்தார்.

"இது இஞ்சினே, தையல் மெசினே தம்பி?"

"பெரிசா ஒண்டு போட ஏலுமே அண்ணை?"

"ஏன் ஏலாது? இடம் காணாட்டி வெட்டுவம்."

வெட்டினார். உடைத்த வான் வண்டி ஒன்றின் டீசல் இஞ்சினை உள்ளே இறக்கினார். இஞ்சினுக்கு மேலே பொனற் மூடவில்லை. அதையும் வெட்டினார். மூன்று மாதம் போனது. முடிந்ததும் ஒருக்கா ஓடிப் பார்க்கச் சொன்னேன்.

"எனக்குக் கார் ஓடத் தெரியாது."

"தெரியாமலே இவ்வளவும் செய்தனீங்கள்?"

"கடலில எண்டா வழி தெரியவேணும். இது ரோட்டுத்தானே. ஆரும் ஓடலாம்."

ஓடலாம்தான். ஏற்றத்தில் ஏற ஏலாது. இஞ்சின் உறுமியது. பின் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. காரின் மூக்கு நிலத்தைப் பார்த்தது, வால் வானத்தைப் பார்த்தது.

"அணியம் கனத்திட்டுது" என்றார். படகின் முன்பக்கத்துக்கு அப்படிச் சொல்வார்கள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இஞ்சின் பாதி, நீ பாதி. பின்னுக்குப் பாரம் போடுவம்."

டிக்கியில் நாலு மூட்டை மணல் ஏற்றினோம். கோட்டை வாசலில் பொலிஸ்காரர் மறித்து டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

"மணல் பெர்மிட் எங்க?"

"விக்கிற மணல் இல்லை சேர். கார் ஏறுறதுக்கு."

அவர் இன்னொரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பொனற் ஓட்டையைப் பார்த்தார்கள். சிரித்து முடியக் கால் மணித்தியாலம். மணலைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தனான்.

"மணலுக்குத்தானே பெர்மிட். எனக்குக் கேக்கமாட்டினம்" என்று தன் பெரிய வயிற்றைத் தட்டினார் டீசலண்ணை.

அடுத்த வெள்ளி குளித்து, வேட்டி கட்டி வந்து பின் சீற்றில் ஏறினார். மடியில் ஸ்பனர் பெட்டி. மனிசி வீட்டு வாசலில் நின்று பார்த்தா.

"அண்ணை, இது ஏறுமே?"

"ஏறாட்டி நான் இறங்கித் தள்ளுறன் பிள்ளை."

"நீங்கள் இறங்கினா ஏறாதே அண்ணை" என்றேன் நான்.

மனிசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறினா. காரும் ஏறியது.

அதில் இருந்து ஒவ்வொரு வெள்ளியும் மூன்று பேர். அவர் கோயிலுக்குள் வருவதில்லை. சீற்றைவிட்டு அசைவதே இல்லை. மனிசி கச்சான் கடலை வாங்கிக் கொடுப்பா.

போன வருசம் டயர் கடைக்காரர் காரைப் பார்த்தார். "ரெண்டு பின் டயரும் மொட்டை. இது வழுக்காமல் என்ன செய்யும்?" என்றார். வெட்கத்தோடு புதுசு இரண்டு போட்டேன். தனியே ஒருதரம் ஏற்றத்தில் விட்டுப் பார்த்தேன். விறுவிறென்று ஏறியது.

மனிசியிடம் சொன்னேன். "அண்ணையிட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்றா.

வெள்ளி பின்னேரம் அவர் வேட்டியோடு எங்கள் வீட்டுப் படலையில் நிற்பார். ஏறி இருப்பார். நான் கண்ணாடியில் பார்த்து, "கொஞ்சம் நடுவுக்கு இருங்கோ அண்ணை" என்பேன். நகர்ந்து இருப்பார்.