வால் டொக்டர் திறந்த சோதனைச் சாவடி

போர்க்காலத்து மன்னாரில் பாண் ரொட்டிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பயணப் பாஸ் எடுக்க வரிசை. எல்லா வரிசையிலும் முன்னால் நிற்கத்தான் சனம் அடிபட்டது. கடைசியில் நிற்க அடிபட வைத்த ஒரே மனிதர் எங்கள் வால் டொக்டர்.

மன்னார்த் தீவில் இருந்த ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு அவருடையது. காலையில் வந்ததும் நேரே வரிசையின் வால் பக்கம் போய், அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்குவார்.

“முன்னுக்கு நிக்கிறவருக்கு விடிய எழும்பி ஓடிவரச் சக்தி இருக்கு. அவர் சாகமாட்டார்!”

வாலில் நின்றவர்கள் பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய கூலிக் குடும்பங்கள். பெருநிலத்திலிருந்து பாலம் கடந்து நடந்தே வருபவர்கள்.

செய்தி பரவியது. சொந்தமாகப் பல வள்ளங்கள் வைத்திருந்த தாழ்வுபாடு கிராமத்துச் சம்மாட்டி ஒருவர், “நீங்கள் முன்னுக்குப் போங்கோ” என்று எல்லோருக்கும் வழிவிட்டார். மற்றவர்களும் அவருக்கு வழிவிட்டார்கள். வரிசை பின்பக்கமாகவே நகர்ந்து வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது.

“சம்மாட்டியார், என்ன வருத்தம்?”

“முழங்கால் நோ, டொக்டர். நடக்கவே ஏலாது.”

“இவ்வளவு தூரம் பின்பக்கமா நடந்து வந்திருக்கிறியள். சுகமாயிட்டுது. போயிட்டு வாங்கோ.”

ஒருநாள் பெருநிலத்துக் கிளினிக்கை முடித்துத் திரும்பிய அவருடைய அம்புலன்ஸில் நானும் தொற்றிக்கொண்டேன். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஒரு தாய் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில், வயிற்றோட்டத்தில் துவண்டுபோன பெண்குழந்தை. தாயிடம் அடையாள அட்டை இல்லை.

“சாமி, புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்குது!”

“அட்டை இல்ல, போக ஏலாது,” என்றான் சிப்பாய்.

டொக்டர் வாதாடவில்லை. அந்த இடத்திலேயே குழந்தையின் கையில் ஊசி குத்தி, சேலைன் போத்தலைப் பாதையை மறித்திருந்த சாவடியின் குறுக்குத்தடியில் கட்டினார். தடி இடுப்பளவு உயரம். சேலைன் சரியாக இறங்கவில்லை.

“உஸ்ஸன்ன!” உயர்த்து என்று சிங்களத்தில் அதட்டினார்.

சிப்பாய் பதறித் தடியின் கயிற்றை இழுத்தான். தடி உயர்ந்தது, போத்தல் உயர்ந்தது, சேலைன் சொட்டியது. சாவடி ஆவென்று திறந்து கிடந்தது.

பின்னால் நின்ற சைக்கிள்காரர் ஒருவர், “டொக்டர், நாங்களும் போகலாமோ?” என்று கேட்டார். அதிகாரி ஓடிவந்தார்.

“தடியை இறக்கு!”

“இறக்கினா பிள்ளை செத்துப்போகும்,” என்றார் டொக்டர்.

“எவ்வளவு நேரம் இப்படி?”

“பின்னேரம் வரைக்கும். பரவாயில்லை, நான் நிக்கிறன்.”

அதிகாரி திறந்த பாதையைப் பார்த்தார். நீண்டுகொண்டிருந்த சைக்கிள் வரிசையைப் பார்த்தார்.

“கொண்டு போங்க! தாயையும் கொண்டு போங்க!”

அம்புலன்ஸில் டொக்டர் போத்தலை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி என் கையில் தந்தார். பிள்ளையின் குளிர்ந்த பாதத்தைத் தன் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். பாலத்தின் நடுவில் அது கண் திறந்து மெல்லச் சிணுங்கியது.

“அழு ராசாத்தி, நல்லா அழு.”

பிள்ளை சொல் கேட்கவில்லை. சிணுங்கலை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தது. அழுதது அவர்தான்.