தங்கப்பொண்ணின் பில்டரும் மூலிகைத் தேநீர்ப் பிரசார சபையும்

பாரத தேசத்தைப் பிடித்திருந்த நோய்கள் எந்த ஊரில் முதன்முதலாகத் தோற்று ஓடின என்று பிற்காலத்தில் யாராவது சரித்திரம் எழுதப் புகுந்தால், தயங்காமல் திருமங்கலம் என்று எழுதிவிடலாம். 1937-ம் வருஷம் சித்திரை மாதம், பஞ்சு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்கு மேல்மாடியில் 'பாரத மூலிகைத் தேநீர்ப் பிரசார சபை' உதயமாயிற்று. பெயரில் தேநீர் இருந்தாலும் உள்ளே தேயிலை இருக்கக் கூடாது என்பது சபையின் முதல் விதி. தலைவர், நவதானிய வியாபாரி மலையாண்டி. காரியதரிசி, பலசரக்குக் கடை முகம்மது கனி. இருவருக்கும் வைத்தியம் தெரியாதுதான். தேசத்துக்குத் தொண்டு செய்ய வைத்தியம் எதற்கு? தொண்டை இருந்தால் போதாதா?

தலைவருக்கு அது தாராளமாக இருந்தது. முதல் கூட்டத்தில் அவர் முழங்கியதைக் கேட்டுக் கிட்டங்கிப் புறாக்கள் இடம் மாறிவிட்டன.

"ஆவாரம்பூ மேனியைப் பொன்னாக்கும்! துளசி சளியைக் கரைக்கும்! சுக்கு வாயுவை விரட்டும்! மல்லி பித்தத்தை அடக்கும்! இத்தனையும் நம் காட்டிலும் தோட்டத்திலும் விளைய, காப்பி என்னும் அன்னிய விஷத்தை நாம் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கலாமா?"

கூடாது என்று கூட்டம் சொன்னது. உடனே தீர்மானம் நிறைவேறியது. காப்பி அரக்கனின் ஆயுதமாகிய பில்டரை ஒவ்வொரு வீட்டாரும் சபையின் 'பாதுகாப்பில்' ஒப்படைக்க வேண்டும். தீர்மானம் ஏகமனதானது. பெண்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏகமனது கெட்டிருக்கும்.

தலைவர் என்றால் வழிகாட்ட வேண்டாமா? மலையாண்டி நேராக வீட்டுக்கு வந்து அடுப்படியிலிருந்த பில்டரைத் தூக்கினார். அவர் மனைவி தங்கப்பொண்ணு ஓடிவந்து மறித்தாள்.

"என்னங்க, அது எங்க அம்மா சீராக் குடுத்ததுங்க."

"அதுக்கென்ன? தேசம் பெருசா, ஒங்க அம்மா பெருசா?"

தங்கப்பொண்ணுக்குத் தேசத்தோடு பழக்கமில்லை. அம்மாவைத்தான் தெரியும். நல்ல கனமான பித்தளை பில்டர் அது. தோளில் 'எழுமலை மலையம்மாள்' என்று பேர் வெட்டியிருந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பேரைத் தொட்டுப் பார்க்க இவளுக்கு வேறு இடமில்லை. தினமும் வீடு விழிக்கும் முன்னே எழுந்து, டிக்காஷன் சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி அந்தப் பேரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒரு லோட்டா காப்பி. அவளை யாரும் கூப்பிடாத நேரம் ஒரு நாளில் அவளுக்கு அது ஒன்றுதான். அதையும் தேசம் எடுத்துக்கொண்டு போயிற்று. அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மூலிகைகள் மேல் அவளுக்கு ஒரு பகையும் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்தவனுக்கும் அவள்தான் எத்தனையோ தரம் சுக்குத்தண்ணி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் வந்த விருந்தாளிக்கும் அதையே நீட்டினால், லோட்டாவை மோந்து பார்த்துவிட்டு, "வீட்ல ஆருக்கு மேலுக்கு முடியல?" என்று கேட்கிறார்கள்.

அதோடு தலைவலி வேறு. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு புருஷனிடம் போய் நின்றாள்.

"தலையப் பொளக்குதுங்க."

"பொளக்கட்டும். விஷம் எறங்குது. பொறுத்துக்க."

சபையின் ஆடவர்களிடமோ மூலிகை வேறு விதமாக வேலை செய்தது. இதைத்தான் சரித்திரம் கவனிக்க வேண்டும். நிர்வாகிகள் விடியும் முன்பே மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 'மூலிகை ஆராய்ச்சி' செய்தார்கள். சாயங்காலமும் செய்தார்கள். ஆராய்ச்சிக்குத் தலைவர் வீட்டு எருமைப் பால் தேவைப்பட்டது. செம்பு செம்பாகப் போயிற்று. மாடி ஜன்னல் வழியே எந்நேரமும் சாம்பிராணிப் புகை வந்தது. பக்தியில்லாமல் ஆராய்ச்சி ஏது? இறங்கி வரும்போது ஒவ்வொருவர் முகத்திலும் அப்படி ஒரு தெளிவு. மலையாண்டிக்குப் பத்து வயது குறைந்துவிட்டதாக அவரே சொல்லிக்கொண்டார்.

பின்வீடு முகம்மது கனியுடையது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அமீருன்னிசாவும் தலையில் துணியோடுதான் நின்றாள்.

"தங்கம், ஒனக்கும் வலி விடலையா?"

"எங்கக்கா விடுது? ஒங்க வீட்டுல அண்ணனுக்கு எப்படி?"

"அவுகளுக்கென்ன! முந்தியெல்லாம் காப்பி செத்த நேரம் பிந்துனா வீட்டையே ரெண்டாக்குவாக. இப்ப பாட்டுப் பாடிக்கிட்டுல்ல வாராக."

"ஆம்பளைகளுக்கு விஷம் வெரசா எறங்கிருது போல."

"அது சரி, அம்புட்டு சாம்பிராணி எதுக்கு?"

"பக்திதான்" என்றாள் தங்கப்பொண்ணு. சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அது சரியாகப் படவில்லை.

வருஷம் ஒன்று முடிந்தது. ஆண்டு விழாவுக்கு மதுரையிலிருந்து ஒரு ராவ்பகதூர் வர ஒப்புக்கொண்டார். அன்னிய விஷத்தை ஒழிக்கும் சபைக்கு அன்னிய சர்க்கார் பட்டம் கொடுத்த பெரிய மனிதர் வருவது பொருத்தம்தானே? அவர் மனது வைத்தால் தலைவருக்கும் ஒரு சின்னப் பட்டம் கிடைக்கலாம். அதற்கு, மூலிகையால் குணம் கண்ட ஒரு குடும்பப் பெண் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். மலையாண்டி வீட்டுக்கு வந்து குழைந்தார்.

"தங்கம், நீதான் பேசணும்."

"பேசுறேன். எங்க அம்மா பில்டரைக் குடுங்க."

"அது சபைச் சொத்துடி!"

"அப்ப சபையையே பேசச் சொல்லுங்க."

அவசரக் கூட்டம் கூடிற்று. தலைவர் நெற்றியைத் தேய்த்தார். காரியதரிசிதான் வழி கண்டார்.

"மாப்ள, பில்டர்னு சொன்னாத்தானே குத்தம்? 'மூலிகை வடிகலம்'னு பேரை மாத்திருவோம். ராவ்பகதூர் கையாலயே எல்லாருக்கும் குடுத்துருவோம். அவருக்கும் சந்தோசம், பொம்பளைகளுக்கும் சந்தோசம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வடிகலங்களைத் துலக்கி மேடையில் அடுக்கும் பொறுப்பு சபைக் குமாஸ்தா காசிமாயனிடம் விடப்பட்டது. எழுமலைக்காரன், ஒழுங்காக வளர்க்கப்பட்டவன். மாடியில் நடப்பதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அவனுக்கு இட்ட கட்டளை. அன்றுவரை அவன் யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை.

விழாப் பந்தல் நிறைந்து வழிந்தது. ராவ்பகதூர் ஆவாரம்பூத் தேநீரை ஒரு வாய் குடித்தார். மிச்சத்தைக் கூட்டம் முடியும்வரை பத்திரமாகக் கையிலேயே வைத்துக்கொண்டார். தங்கப்பொண்ணு மேடையேறி, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

"ஆவாரம்பூ மேனிக்கு நல்லது. துளசி சளிக்கு நல்லது. சுக்கு வாயுவுக்கு நல்லது. மல்லி பித்தத்துக்கு நல்லது."

பலத்த கரகோஷம். வடிகலங்கள் ஒவ்வொன்றாகப் பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்தன. கடைசியாக ராவ்பகதூர் அவளுடைய பில்டரை அவள் கையில் கொடுத்தார். முதலில் அம்மாவின் பேரைத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்தது. அப்புறம்தான் பில்டர் வழக்கத்தைவிடக் கனப்பது தெரிந்தது. மூடியைத் திறந்தாள். குப்பென்று வாசம் வந்தது. வறுத்து அரைத்த சூடுகூட இன்னும் முழுசாக ஆறவில்லை.

"அடடே, இது என்ன மூலிகை?" என்றார் ராவ்பகதூர். அன்று அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

"அது... ஆராய்ச்சியில இருக்குங்க" என்றார் மலையாண்டி.

மேடையோரம் நின்ற காசிமாயன் கையைப் பிசைந்தான்.

"கோவிச்சுக்கிறாதீகக்கா. ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? அரிசியோ சீனியோ போட்டுக் குடுக்கணும். ஆபீசுல அரிசி ஏது? சீனியும் நேத்துக் காப்பியோட தீந்துபோச்சு. இது ஒண்ணுதான் நெறைய இருந்துச்சு. எல்லாருக்கும் போட்டுருக்கேன்."

பெண்கள் பக்கம் மூடிகள் திறந்தன. பந்தல் முழுக்க வாசம் பரவியது. "யா அல்லா!" என்று அமீருன்னிசாவின் குரல் கேட்டது. முகம்மது கனி சாம்பிராணி தேடுகிறவர்போல மேடைக்குப் பின்னால் நழுவினார்.

தங்கப்பொண்ணுக்கு ஒரு வருஷத்துத் தலைவலியும் அந்த நிமிஷம் கோபமாக மாறியது. மலையாண்டி அவள் பக்கம் குனிந்தார்.

"தங்கம், எனக்குத் தலையப் பொளக்குது. வா, வீட்டுக்குப் போயிருவோம்."

"பொளக்கட்டும். விஷம் எறங்குது. பொறுத்துக்கங்க."

பிறகு பில்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் சொருகி, சபையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ராவ்பகதூர் ஐயா, சபையோட மூலிகைத் தேநீருக்கு இன்னொரு கொணம் இருக்குங்க. சொல்ல விட்டுப்போச்சு. பொம்பளைக குடிச்சா, ஆம்பளைகளுக்கு ஒடம்பு தேறிருது."