புயல்சின்னம் எழுத உட்கார்ந்தால்

எழுதாதே என்று மனைவி சொல்லிக் கேட்ட எழுத்தாளர்கள் உண்டு. மாமனார் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. 'ஐயா, சாமி, உன் புண்ணியமாப் போவட்டும், எழுதாத' என்று ஒரு ஊரே திரண்டு கையெடுத்துக் கும்பிட்ட எழுத்தாளர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். மரக்காணத்து உப்பளத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த புயல்சின்னம்தான் அவர்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. அவரே வைத்துக்கொண்ட புனைபெயர்கள் மாசத்துக்கு ஒன்று. எதுவும் ஒட்டவில்லை. ஊர் வைத்த பெயர்தான் ஒட்டியது. அது ஒட்டிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சுனாமிக்கு மறு வருஷம். நான் கீழ்புத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, ஒரு உப்பள முதலாளியிடம் லாரி பில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உப்பு விளைகிற பாத்திகளின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். பக்கத்துக் கொட்டகையில் இன்ஜின். உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுவது அதன் வேலை. அதை முடுக்கிவிடுவதும் நிறுத்துவதும் நம்மவர் வேலை. நடுவில் ஒரு வேலையும் கிடையாது. இன்னொருவராக இருந்தால் துண்டை விரித்துத் தூங்கியிருப்பார். இவர் சிறுகதை எழுதினார்.

"இந்தச் சத்தத்துல எப்படிண்ணே எழுதறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சத்தம் நின்னாத்தான் தம்பி எனக்குக் கதை நிக்கும்" என்றார்.

காதல் காட்சி என்றால் இன்ஜின் வேகத்தைக் குறைப்பார். சண்டைக் காட்சி என்றால் முறுக்கிவிடுவார். என்றைக்காவது பாத்தி நிரம்பி வரப்பு உடைந்தால், கதையில் எவனோ எவனையோ வெட்டிவிட்டான் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

எழுதிய கதைகளை வாரப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். போன வேகத்தில் திரும்பி வரும். திரும்பி வந்த அன்றைக்கு மற்றவர்களாக இருந்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவார்கள். இவர் எனக்கு டீ வாங்கித் தருவார்.

"போன தடவ ஒரே வாரத்துல திருப்பிட்டான். இந்தத் தடவ ரெண்டு மாசம் ஆச்சு தம்பி. ரெண்டு மாசம்! வெச்சுக்கினு திருப்பித் திருப்பிப் படிச்சிருக்கான்யா!"

தபால் எங்கேயாவது தங்கியிருக்கும் அண்ணே என்று சொல்ல வாய் வரும். கையில் அவர் வாங்கித் தந்த டீ இருக்குமே! அதை ஊதி ஊதிக் குடித்துவிடுவேன்.

கதை அச்சாகும்போது போட்டோ கேட்டால் என்ன செய்வது? கேட்பதற்கு முன்பே திண்டிவனம் போய் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கன்னத்தில் கை, பார்வை ஆகாயத்தில். எல்லோருக்கும் காட்டினார்.

"இன்னாய்யா, பல்லு வலியா?" என்றாள் அஞ்சலை. அஞ்சலை, உப்பு வாருகிற பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள். அவள் வாய்க்கு முதலாளியே ஒதுங்கித்தான் போவார்.

ஒவ்வொரு கதையோடும் அந்தப் போட்டோவில் ஒரு பிரதி போகும். கதை திரும்பி வரும், போட்டோ வராது. "பாத்தியா, போட்டோவ மட்டும் எடுத்து வெச்சுக்கினாங்க. பின்னால தேவைப்படும்னு அவங்களுக்கே தெரியுது!" என்பார். அந்த நம்பிக்கையில் ஒரு கைப்பிடி எனக்கு இருந்திருந்தால் நான் கலெக்டராகியிருப்பேன்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் ஏக்கம் இருந்தது. உப்பளத்து ஜனத்தில் ஒருவராவது தன் கதையை முழுசாகக் கேட்க வேண்டும். என்னிடம் படித்துக் காட்ட மாட்டார். "நீ காலேஜ் படிச்ச பையன். நல்லா இல்லன்னாலும் நல்லாருக்குதுன்னுவ. இவங்க கேக்கணும் தம்பி. இவங்க எழுந்து போவாம கேட்டாத்தான் அது கதை" என்பார். மத்தியான வேளையில் பாத்தி ஓரம் போய், "ஒரு கதை சொல்லட்டுமா?" என்று ஆரம்பிப்பார். "கதையக் கேட்டா உப்பு தானா வந்து குவியுமா?" என்று அஞ்சலை சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் போய்விடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சித்திரை மாசத்தில் ஒரு காரியம் நடந்தது. நல்ல வெயில். பாத்தியெல்லாம் உப்பு பூத்து வெளேர் என்று கிடக்கிறது. இவர் புதுக் கதைக்குப் பிள்ளையார் சுழி போட்டார். மூன்றாவது பாராவில் இடி. நாலாவது பாராவில் மழை. விளைந்த உப்பு அத்தனையும் கண்ணெதிரே கரைந்தது.

உப்பளத்தில் சீசன் மழை என்றால் சாதாரண விஷயம் இல்லை. தண்ணீரை வடித்து, மறுபடி இறைத்து, காயவைத்து, திரும்ப உப்பு பூக்க வாரக்கணக்காகும். அதுவரை முதலாளிக்குச் சரக்கு இல்லை, ஜனத்துக்குக் கூலி இல்லை. சரி, ஏதோ கோடை மழை என்று விட்டுவிட்டார்கள். வைகாசியில் அடுத்த கதை ஆரம்பித்தார். அன்றைக்கு சாயங்காலமும் ஊற்றித் தள்ளியது.

அஞ்சலைதான் கண்டுபிடித்தாள். முக்காட்டுச் சாக்கோடு இன்ஜின் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். உள்ளே இவர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"யோவ்! நீ பேனாவத் தொறக்கறப்பல்லாம் மழ ஊத்துது. நீ மனுசனா, இல்ல ரேடியோல சொல்றானே, அந்தப் புயல்சின்னமா?"

அன்றோடு பெயர் நிலைத்தது. மறுநாளே டீக்கடையில், "சின்னம் எங்க மையம் கொண்டிருக்குது?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சட்டைப் பையில் பேனா தெரிந்தால் போதும், பெண்கள் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள்.

வேறு ஆளாக இருந்தால் வெட்கத்தில் வேலையை விட்டே ஓடியிருப்பார். இவருக்கோ பெருமை தாங்கவில்லை. "மத்தவன் எழுதினா படிக்கிறவன் கண்ணுலதான் தம்பி தண்ணி வரும்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் வானம் லேசாகக் கறுத்தாலே தார்ப்பாயைத் தேடி ஓடுவார்.

"ஏம்பா, எழுத வேணாம்னு சொல்லல. ஐப்பசில எழுது. கார்த்திகைல எழுது. பேப்பரு நானே வாங்கித் தர்றேன். சீசன்ல மட்டும் வேணாம்."

"கற்பனைக்கு சீசன் இருக்குதுங்களா முதலாளி?"

"உப்புக்கு இருக்குதேய்யா!"

புயல்சின்னம் தலையை ஆட்டினார். ஆனியை எப்படியோ கடத்தினார். கை பரபரத்து, லாரி டிரைவர்களுக்குச் சொந்த ஊர்க் கடிதங்களை வலியப் போய் எழுதிக் கொடுத்தார். அப்போதும் அஞ்சலை ஒரு கண் வைத்திருந்தாள்.

ஆடியில் வேறு பக்கத்திலிருந்து வந்தது வினை. வானூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் குடியானவர்கள் நாலைந்து பேர், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு உப்பளத்துக்கு வந்து நின்றார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக்க வேண்டும், மழை இல்லை. இவர் புகழ் அங்கே வரைக்கும் பரவியிருக்கிறது!

"ஐயா, எங்க ஊருக்கு வந்து ஒரு கதை எழுதித் தரணும்" என்றார் கூட்டத்தில் பெரியவர்.

புயல்சின்னத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கதை கேட்டு ஊர் தேடி வந்திருக்கிறார்களே! "எந்த மாதிரிக் கதைங்க? குடும்பக் கதையா, மர்மக் கதையா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு உழவுக்குத் தாங்கற மாதிரிக் கதை."

முதலாளி பாண்டிச்சேரி போயிருந்த நேரம். இவர் என்னை இன்ஜினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெரியவரின் டிவிஎஸ் ஃபிப்டியில் ஏறிவிட்டார். வேப்பமரத்தடியில் மேசை நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, கோழி அடித்துக் குழம்பு வைத்து ராஜோபசாரம். எழுதினார். மழை இல்லை. மறுநாளும் எழுதினார். "கதை இன்னும் சூடு புடிக்கலீங்க" என்றார். அன்றைக்குக் கோழி நின்று கருவாடு வந்தது. அதற்கடுத்த நாள் வெறும் கூழ். அன்றைக்குத்தான் கதை சூடு பிடித்தது. மழையும் வந்தது. ஆனால் அங்கே இல்லை, மரக்காணத்தில்! அதுவும் எங்கள் பாத்திகளை அளவெடுத்து ஊற்றின மாதிரி.

"எங்க சோத்தத் தின்னுட்டு அவன் ஊருக்கு எழுதிட்டான்யா" என்று குடியானவர்கள் கொதித்தார்கள். இங்கே முதலாளி அதைவிடக் கொதித்தார். திரும்பி வந்த மனுஷனை நிற்கவைத்துச் சொன்னார்: "இதான் கடைசி. இனிமே சீசன்ல உன் கையில பேனாவப் பாத்தேன், இன்ஜின வேற ஆளு ஓட்டுவான்."

அன்று சாயங்காலம் புயல்சின்னம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. திட்டு வாங்கியதற்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அங்க அத்தன பேரு சுத்தி உக்காந்திருந்தாங்க தம்பி. வானத்தப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. ஒருத்தராவது கதை இன்னான்னு கேட்டாங்களா?" என்றார்.

இந்தத் தடவை டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசி பிறந்தது, தடை நீங்கியது. முதலாளி சொன்னபடி ஒரு கட்டுப் பேப்பர் வாங்கிக் கொடுத்தார். இவர் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். அந்த வருஷம் மழை எப்படி வெளுத்து வாங்கியது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். "போதும்யா, ஒரு நாளு விட்டு எழுதேன், துணி காயணும்" என்று அஞ்சலை வீடு தேடிப் போய்க் கெஞ்சினாள். எழுதியதையெல்லாம் அனுப்பினார். வழக்கம்போல ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை.

அடுத்த வருஷம், வைகாசி. காலையில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கிய வாரப் பத்திரிகையைச் சும்மா புரட்டுகிறேன், உள்ளே பல்வலிக்காரர்! கன்னத்தில் கை, ஆகாயத்தில் பார்வை, கீழே ஒரு முழுக் கதை. கடைக்காரரிடம் பாக்கிச் சில்லறை கூட வாங்காமல் உப்பளத்துக்கு ஓடினேன்.

புயல்சின்னம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மூடினார். திறந்து மறுபடி பார்த்தார். "நான்தானா தம்பி?" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆபீஸ் கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலாளியும் இருந்தார். பத்திரிகை கை மாறி மாறிப் போனது. அஞ்சலைக்குப் படிக்க வராது. "இன்னாதான் எழுதிக் கிழிச்சிருக்குற, படி பாக்கலாம்" என்றாள்.

"வேணாம், வேணாம்! வெளிய உப்பு அம்பாரம் மூடாம கெடக்குது" என்று முதலாளி எழுந்துவிட்டார்.

"எழுதினாத்தான முதலாளி மழ வரும்? படிச்சா இன்னா?" என்றாள் அஞ்சலை. முதலாளி வாசலில் தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. உட்கார்ந்தார்.

புயல்சின்னம் படிக்க ஆரம்பித்தார். கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தட்டில் வைத்திருந்த தாலியைக் காணோம்! யார் எடுத்தது?

"நாத்தனாக்காரிதான். வேற யாரு எடுப்பா?" என்றாள் அஞ்சலை.

"சும்மா இரு. அந்தத் தாய்மாமன் முழியே சரியில்ல" என்றார் முதலாளி.

ஒருவரும் எழுந்து போகவில்லை. சாப்பாட்டுக் கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தில் நாத்தனாரின் பெட்டியைத் திறந்து சோதனை போடுகிற கட்டத்தில், கொட்டகைத் தகரத்தில் சடசடவென்று சத்தம்.

"அம்பாரம்!" என்று அலறிக்கொண்டு முதலாளி வெளியே பாய்ந்தார். எல்லோரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். புயல்சின்னம் பத்திரிகையை மூடிவிட்டு, பேயறைந்த மாதிரி நின்றார். வேலை போயிற்று என்று நானும் முடிவே செய்துவிட்டேன்.

தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முதலாளி திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"ஏன்யா நிறுத்திட்ட? படிய்யா! பொட்டியில இருந்திச்சா இல்லியா?"

"முதலாளி, பாத்தியில உப்பு..."

"அது போச்சு, விடு! சத்தமாப் படி, காத்துல ஒண்ணும் கேக்கல!"

அந்தக் காட்சியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். கொட்டுகிற மழையில் உப்பு அம்பாரத்தைச் சுற்றி ஜனங்கள் தார்ப்பாய் இழுக்கிறார்கள். இவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கூடவே ஓடி ஓடித் தொண்டை கிழியக் கதை படிக்கிறார். கடைசிப் பக்கம் ஊறிக் கையோடு பிய்ந்து வந்துவிட்டது. மனுஷன் அசரவில்லை. மீதியை மனப்பாடமாகச் சொன்னார்.

தாலியை ஒளித்தது கல்யாணப் பெண்தான். கோபித்துக்கொண்டு போன அண்ணன் கல்யாணத்துக்கு வருகிறான், அவன் பஸ் வழியில் நின்றுவிட்டது. அண்ணன் வராமல் கழுத்தை நீட்ட மனசில்லை, வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. பூக்கூடைக்கு அடியில் தாலியைப் போட்டுவிட்டாள். அண்ணன் மண்டபத்துக்குள் நுழைந்த பிறகு அவளே கூடையைக் கவிழ்க்கிறாள். கதை முடிந்தது.

"அடி கள்ளி!" என்றாள் அஞ்சலை. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது அவளுக்கு.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "அந்த அண்ணங்காரன் அப்பறம் ஊர்லயே இருந்துட்டானா, இல்ல திரும்பவும் கோச்சுக்கினு போய்ட்டானா?"

"அத நான் எழுதலீங்களே முதலாளி."

"அப்ப போய் எழுதுய்யா. இன்ஜின நான் பாத்துக்கறேன்."

புயல்சின்னம் என்னைப் பார்த்தார். நானும் அதற்குப் பிறகு எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன், கைகொடுத்துப் பாராட்டியவர்களும் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த மழையில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் மனசு நிறைகிறது. அவ்வளவு பிடிக்கும் எனக்கு அந்த மனுஷனை.