அடெலினோ கலக்கிய சாணிக் குட்டை

"ஒரு வீடு விக்காது! ஒரே ஒரு வீடுகூட விக்க விடமாட்டேன்!" என்று சபதம் போட்டு, காப்பிக் கோப்பையை மேஜைமேல் ஓங்கி வைத்தார் அடெலினோ சில்வெய்ரா. காப்பி முழுக்கச் சட்டையில் கொட்டியது. சபதம் மட்டும் சிந்தவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் அந்தச் சாலையில் மிஞ்சியிருந்த ஒரே பால் பண்ணை அவருடையதுதான். மற்ற இரண்டையும், புதுசாகக் குடிவந்தவர்கள் 'நாறுது, ஈ மொய்க்குது' என்று வழக்குப் போட்டே மூடவைத்துவிட்டார்கள். இப்போது அவர் வேலியோரத்திலேயே வரிசையாக வீடுகள் முளைத்திருந்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி விடவேண்டும். நாற்றம், ஈ, தூசி, டிராக்டர் சத்தம் எல்லாம் உண்டு என்று வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். வீடு கட்டுகிற கம்பெனிக்காரன் என்ன செய்தான்? இடைவெளி என்று ஒரு துண்டு நிலம் விட்டு, முழங்கால் உயர மரக்கன்றுகளை நட்டான். சொல்லவேண்டியதைப் பொடி எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் வாசனை மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் கையெழுத்து வாங்கினான்.

"அந்தக் கன்னு நாத்தத்தத் தடுக்குமாம்! நாத்தம் என்ன, குனிஞ்சா போகப்போவுது?" என்று குதித்தார் அடெலினோ. "அவன் சொல்லமாட்டான். நான் சொல்றேன். சனிக்கிழமை வீடு பார்க்க ஊரே வருது. அன்னிக்குப் பார்த்து, மாட்டுச் சாணியெல்லாம் தேங்கிக் கெடக்குற குட்டையக் கலக்கி வயலுக்கு உரமா அடிக்கப்போறேன்."

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி தெயோலிந்தா நிமிரக்கூட இல்லை. "அடி."

"என்னது, அடியா? நீ தடுப்பேன்னு நெனச்சேன்!"

"நான் எதுக்குத் தடுக்கணும்? மேலாகக் கலக்காத, அடிவரைக்கும் கலக்கு. எதையுமே அரைகுறையா செய்யறதுதானே உன் வழக்கம்!"

கல்யாணமான நாளாக அவள் எதற்கும் முதல் வார்த்தையிலேயே சம்மதித்ததில்லை. மனுஷனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

சனிக்கிழமை குட்டையை அடிவரை கலக்கினார். அப்பப்பா! காக்காய்கூட வேறு ஊர் பார்த்துப் பறந்தது. காற்றும் அவர் கட்சி. வந்த கார்களில் பாதி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பி ஓடின. டிராக்டர்மேல் தேரில் வருகிற மகாராஜா மாதிரி உட்கார்ந்து, ஒவ்வொரு காருக்கும் தொப்பியைக் கழற்றி விடைகொடுத்தார்.

சாயங்காலம் தெயோலிந்தா காலித் தட்டுகளோடு வேலிப்பக்கமிருந்து வந்தாள்.

"பார்த்தியா ஓட்டத்தை!" என்றார்.

"பார்த்தேன். பாதிப் பேர் ஓடிட்டாங்க."

"மீதி?"

"வாங்கிட்டாங்க. ரெண்டு வீடுதான் பாக்கி."

அடெலினோ நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "எப்படிடி?"

"அந்த மரக்கன்னுங்களுக்கு நடுவுல மேஜை போட்டேன். வந்தவங்க கையில ஆளுக்கு ஒரு துண்டு இனிப்பு ரொட்டி. 'இன்னிக்கு அடிக்கறதுதான் வருஷத்துலயே பெரிய நாத்தம். இங்கயே நின்னு இதத் தின்ன முடிஞ்சா வாங்குங்க. முடியலையா, காரைத் திருப்புங்க'ன்னேன். மூக்கைப் பொத்தினவன் போயிட்டான். ரெண்டாந் துண்டு கேட்டவன் கையெழுத்துப் போட்டான். இனிமே எவனாவது நாறுதுன்னு வழக்குப் போடுவானா?"

"நீ என் பொண்டாட்டியா, அந்தக் கம்பெனிக்காரன் கையாளா?"

"எனக்குப் பேச ஆள் வேணும், மனுஷா! இத்தனை வருஷமா இந்தச் சாலையில உன்னையும் மாட்டையும் விட்டா எனக்கு யாரு? அதுலயும் மாடாவது கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்குது!"

அடெலினோவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பண்ணைக்கும் இனி ஆபத்தில்லை, அதுவும் புரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வருமா?

"சரி, அந்த ரெண்டு வீடு? ரொட்டி தின்ன முடியாம ஓடிட்டாங்கல்ல?"

"ஓடல. ரெண்டு குடும்பமும் நல்லாத்தான் தின்னுச்சு. கையெழுத்துப் போடற நேரத்துல பேனாவக் கீழ வெச்சிட்டாங்க."

அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "பின்னே! நம்ம குட்டைன்னா சும்மாவா?"

"குட்டைக்கு அவங்க அசையவே இல்ல," என்றாள் தெயோலிந்தா, தட்டைக் கழுவிக்கொண்டே. "எதையும் மறைக்கக் கூடாதேன்னு கடைசியா உன்னைப் பத்திச் சொன்னேன்."